சூடானதும் நின்றுபோகும் பழைய கார்: பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பதினாறு ஆண்டுகள் ஓடிய, மேனுவல் கியர் உள்ள பெட்ரோல் கார் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கினேன். இரவு முழுவதும் நின்ற வண்டி, காலையில் ஏழெட்டு வினாடி செல்ஃப் எடுத்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது. அது போதாதென்று, அரைமணி நேரம் ஓடிய பிறகு சில நாட்களில் ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. அரைமணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இதுவரை பேட்டரி, ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. அடுத்து பெட்ரோல் பம்பை மாற்றலாம், அதிலும் சரியாகாவிட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஸ்கேனரில் கோளாறு எதுவும் காட்டவில்லை. இந்த வண்டிக்கு இன்னும் செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

பதில்: காலையில் தாமதமாக ஸ்டார்ட் ஆவதையும் சூடான பிறகு நின்றுபோவதையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றுக்கு மருந்து தேடியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினாறு ஆண்டு வண்டியில் இரண்டு பாகங்கள் ஒரே காலத்தில் தளர்வது வியப்பான செய்தியல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை, ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது மிச்சமிருப்பதால், செய்த வேலை பலிக்கவில்லை என்றே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் எளிதாக ஒதுக்கிவிடக்கூடியவற்றை ஒதுக்கிவிடுவோம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; ஆகவே பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் ஆரம்பத்திலிருந்தே குற்றவாளிகள் அல்ல. இரவு முழுவதும் நின்ற பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. செல்ஃப் எடுக்கும்போது அது 9.6-க்குக் கீழே இறங்காமலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரையிலும் இருந்தால், பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் மறந்துவிடலாம். மீட்டர் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது. வெளியுறை பளபளப்பாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி பச்சைத் தூளாகியிருந்த கேபிள்களைப் பலமுறை அறுத்துப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டிகளில் இசியு திடீரென்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி முக்கியமான கோளாறுக்கு வருகிறேன். ஓட்டத்தில் எஞ்சின் எப்படி நின்றது என்பதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் மெக்கானிக்கும் கேட்டிருக்கமாட்டார் என்று ஊகிக்கிறேன். நிற்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பட்டென்று நின்றால், மின்சாரமோ சென்சார் சிக்னலோ அறுந்திருக்கிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரை மிதித்தும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை குலுங்கி, இருமி, அதன் பின் நின்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் குறையும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் மட்டும் அணைந்தால், ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடுவதற்கு, வேண்டிய காற்றை நிர்வகிக்கும் பகுதியில்தான் கோளாறு. ஓட்டத்திலேயே நின்று, சூடு தணிந்ததும் தானாகச் சரியாகிற உங்கள் வண்டி பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது; இரண்டாம் வகையாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டில் எது என்பதை, ஒரு கருவியும் இல்லாமல், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே ஓரளவு அறியலாம். கியரில் இருக்கும் வண்டியில் எஞ்சின் அணைந்தாலும், கிளட்சை மிதிக்காதவரை சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நொடியில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டால், எஞ்சின் சுற்றுவது இசியுவுக்குத் தெரியவில்லை, அல்லது இக்னிஷன் மின்சாரமே போய்விட்டது. வேகம் குறையக் குறைய முள்ளும் மெதுவாக இறங்கினால் சிக்னல் வந்துகொண்டிருக்கிறது. அப்போது பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ தேட வேண்டும். ஓரங்கட்டி நிறுத்திய பிறகு செல்ஃப் எடுக்கும்போதும் இதே சோதனையைச் செய்யலாம். பெரும்பாலான வண்டிகளில் செல்ஃப் சுற்றும்போது முள் 200, 300 அளவுக்குச் சற்றே எழும்பி நடுங்கும். அது அசையாமல் கிடந்தால், எஞ்சின் சுற்றுவதை இசியுவுக்குத் தெரிவிக்கும், கிராங்க் சென்சார் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிராங்க்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் மீதுதான் என் முதல் சந்தேகம் விழும். செல்ஃப் எடுக்கும்போது முள்ளே அசையாதபடி அமைக்கப்பட்ட சில மாடல்களும் உண்டு என்பதால், உங்கள் வண்டி நல்ல நிலையில் ஸ்டார்ட் ஆகும் ஒரு நாளில் முள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சென்சார் ஏன் சூட்டில் மட்டும் படுத்துக்கொள்கிறது என்பதைச் சொன்னால்தான் உங்கள் அரைமணி நேரக் கணக்கு விளங்கும். பழைய வண்டிகள் பலவற்றில் அது ஒரு காந்தத்தின் மேல் சுற்றிய, தலைமுடி போன்ற மெல்லிய செம்புக்கம்பிச் சுருள்தான். ஆண்டுக்கணக்கில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு, அந்தக் கம்பியில் ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். எஞ்சின் சூட்டில் விரிந்ததும் விலகிவிடும். சிக்னல் இல்லையென்றால் எப்போது ஸ்பார்க் கொடுப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்பது இசியுவுக்குத் தெரியாது. பல வண்டிகளில் அது பெட்ரோல் பம்பையும் சேர்த்தே நிறுத்திவிடும். வண்டி நின்ற நேரத்தில் பம்ப் ஓடவில்லை என்பதைக் கண்ட ஒருவர் நல்ல பம்பைப் பழி சொல்லி மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது. நீங்களும் அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கார் மூன்று முறை இழுவை வண்டியில் வந்தது. மூன்று முறையும், இறக்கி வைத்தவுடன் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. முதல் இரண்டு முறை, பார்த்தவரை கோளாறு இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அப்படி அனுப்பியதில் எனக்கு இன்றும் கூச்சம் உண்டு. மூன்றாம் முறை, பட்டறை முற்றத்தில் பானெட்டை மூடி, ஏசியைப் போட்டு, ஐட்லிங்கில் ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து அது பட்டென்று நின்றது. செல்ஃப் எடுத்தேன், முள் அசையவில்லை. சாவியை எடுத்துவிட்டு, ஈரத்துணி ஒன்றை நீளக் குறட்டால் பிடித்து கிராங்க் சென்சாரின் மேல் சுற்றி, சைலன்சர் குழாயில் படாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. மறுபடி சூடேற்றினேன், நின்றது; மறுபடி குளிர்வித்தேன், எடுத்தது. கழற்றிய சென்சாரின் காந்த முனையில் இரும்புத்தூள் மீசை போல ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தபோது மீட்டரில் ஒழுங்கான மின்தடை (ஓம்) காட்டிய அது, ஹேர் டிரையரால் சூடேற்றியபோது எதுவுமே காட்டவில்லை. உங்கள் மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இந்த ஒரு சோதனைதான்: வண்டியை வேண்டுமென்றே சூடேற்றி, நிற்கவைத்து, நின்ற நிலையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஓடும் வண்டியை எவ்வளவு நேரம் துருவினாலும் அது நிற்பதற்கான காரணம் அகப்படாது.

முள் அசைகிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், அடுத்தபடியாக ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பார்ப்பதற்கென்றே சிறிய டெஸ்டர் கிடைக்கிறது. அதைப் பிளக் வயருக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே மாட்டினால் போதும். வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாடியில் உரசிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். ஸ்பார்க்குக்கு வேண்டிய மின்னழுத்தத்தை உண்டாக்கும் இன்றைய இக்னிஷன் காயில்கள் 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பவை. கையோடு சேர்ந்து இசியுவின் உள்சுற்றும் அடிபடலாம். நின்ற நேரத்தில் ஸ்பார்க் இல்லாமல், முள் மட்டும் அசைந்தால் இக்னிஷன் காயிலும் சந்தேகப் பட்டியலில் சேரும். அதுவும் சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் இயல்புடையதுதான்.

ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் இருக்கைக்கு அடியில் ஏறத்தாழ இரண்டு வினாடி 'ம்ம்ம்' என்ற மெல்லிய ஓசை கேட்க வேண்டும். நின்ற நேரத்தில் அந்த ஓசை இல்லையென்றால் உடனே பம்ப் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு மின்சாரம் போகிறதா என்பதே முதல் கேள்வி. பம்புக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான பம்ப் ரிலேயை, அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழைய ரிலேக்களின் உள்ளே ஈயப்பற்று வட்டமாகக் கீறிப்போய், வண்டியின் உட்பகுதி வெயிலில் சூடானால் தொடர்பு விடுவது அடிக்கடி காணும் ஒன்று. ரிலே நன்றாக இருந்து, பம்பின் சாக்கெட்டில் 12 வோல்ட் வந்தும் ஓசை வரவில்லை என்றால்தான் பம்ப் குற்றவாளி. இதில் ஒரு துப்பும் உண்டு: டேங்க்கில் கால் பங்குக்குக் கீழே இருக்கும் நாட்களில் மட்டும் வண்டி நிற்கிறதா? பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அது குறைந்தால் தேய்ந்த பம்ப் விரைவில் சூடேறும். டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே பலமாக உறிஞ்சப்படும் ஓசை கேட்டால், காற்று நுழையும் வழி அடைபட்டிருக்கிறது. ஓடிய சில கிலோமீட்டருக்குப் பிறகு பம்ப் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும். இதையும் ஒரு பைசாச் செலவில்லாமல் அறியலாம்.

ஸ்கேனரில் எதுவும் இல்லை என்பதால் மனம் தளர வேண்டாம். இசியு தான் கவனிக்கும் விதிகளுக்குள் ஒரு கோளாறு தென்பட்டால்தான் அதற்கான குறியீட்டை (கோடு) பதிவு செய்யும். சென்சார் சிக்னல் சூட்டில் ஒரேயடியாக நின்றுபோனால், எஞ்சினே நின்றுவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும் வண்டிகள் பல உண்டு. கிராங்க் சென்சாருக்கான பி0335 என்ற குறியீடு வராததால் கிராங்க் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது. குறியீடுகளைக் காட்டிலும் நேரலைத் தகவலைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நின்ற நிலையில் செல்ஃப் எடுக்கும்போது, ஸ்கேனரில் ஆர்பிஎம் என்ற வரியில் எண் வருகிறதா, பூஜ்யமாகவே இருக்கிறதா என்பது, முள் சொல்லும் சேதியை இன்னும் உறுதியாகச் சொல்லிவிடும். டாஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு அப்போது மினுக்குகிறதா என்பதையும் கவனியுங்கள். அது, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்பதன் குறி. பெரும்பாலும் அந்தக் கோளாறு எஞ்சின் பிடித்த ஓரிரு வினாடியில் அணைப்பதாகவோ, செல்ஃபையே தடுப்பதாகவோதான் இருக்கும். உங்கள் விவரிப்புக்கு அது ஒட்டவில்லை.

இனி காலைத் தாமதம். நாளைக் காலை இதைச் செய்து பாருங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பம்ப் ஓசை அடங்கும்வரை காத்திருந்து, ஆஃப் செய்யுங்கள். இதை மூன்று முறை செய்த பிறகு செல்ஃப் எடுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் பெட்ரோல் லைனின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். இவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஓட்டத்தில் 3 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும் அந்த அழுத்தம், அணைத்த பிறகும் நெடுநேரம் ஓரளவாவது நிற்க வேண்டும். அது மூன்று வழிகளில் கசியலாம். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து, பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பிப் போகலாம். அப்போது ஸ்டார்ட் ஆகும்போது புகையோ நாற்றமோ இராது. எஞ்சினின் மேல் பிரஷர் ரெகுலேட்டர் உள்ள வண்டியானால், அதன் வேக்யூம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஈரம் இருந்தாலோ உள்ளே உள்ள சவ்வு கிழிந்திருக்கிறது. மூன்றாவது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டுவது. அப்படியானால் ஸ்டார்ட் ஆகும்போது சைலன்சரில் கரும்புகையும் பச்சைப் பெட்ரோல் வாடையும் வரும், பிளக் நனைந்திருக்கும், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு செல்ஃப் எடுத்தால் விரைவில் பிடிக்கும். முழு அழுத்தத்தில் பெரும்பாலான இசியுக்கள் செல்ஃப் நேரத்தில் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடுவதால் நிகழ்வது அது.

மூன்று முறை சாவி திருப்பியும் மாற்றம் இல்லையென்றால், கூலன்ட் வெப்பச் சென்சாரைப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்கேனரில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை 70 டிகிரி என்று அது சொன்னால், இசியு காலை நேரத்துக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தராது. மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் இசியுவைக் கொன்றுவிடக்கூடும். உங்கள் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். அடுத்தது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும்; பிரேக் ஓரிரு மிதிக்கு மட்டுமே இலகுவாக இருந்து, பிறகு கல்லாகிவிடும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, அபாய விளக்கைப் போட்டு ஓரங்கட்டுங்கள். வண்டி நிற்கும் முன் சாவியை லாக் நிலைக்குத் திருப்பக் கூடாது. ஆர்பிஎம் முள்ளை ஒரு பார்வை பார்த்தால் போதும். கண் சாலையில் இருக்கட்டும். கோளாறு தீரும்வரை அதிவேகச் சாலைகளில் இந்த வண்டியை எடுக்காதீர்கள்.

இசியுவை மாற்றும் யோசனையைக் கடைசி வரிசையில் வையுங்கள். அது பழுதாவதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்றவை அனைத்தும் சோதித்து நல்லவை என்று தெளிந்த பிறகு எஞ்சுவதாகத்தான் அது இருக்க வேண்டும். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய இசியு உங்கள் இம்மொபிலைசரோடு ஒத்துப்போகாமல், ஓடுகிற வண்டியும் ஓடாமல் போகும் அபாயமும் உண்டு. கிராங்க் சென்சாரை மாற்ற நேர்ந்தால், அதன் சாக்கெட்டுக்குப் போகும் வயர்களையும் ஒரு சாண் தூரம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் உறை நொறுங்கி வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், புதிய சென்சாரும் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்விக்கு, இந்தக் கோளாறுகளை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். நான் மேலே சொன்ன பாகங்களில் ஒன்றுகூட எஞ்சினின் ஆயுளோடு தொடர்புடையதல்ல. எஞ்சினைச் சூடேற்றி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயிலையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தத்தின் அளவு, எடுக்கச் சொல்லுங்கள். பொதுவாக 10 முதல் 13 பார் வரை நல்ல எஞ்சினுக்கு அழகு. சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சிலிண்டர்களுக்குள் ஏற்றத்தாழ்வு 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பேன். இருந்தால் சென்சாரையும் பெட்ரோல் லைனையும் சரிசெய்து வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மிகவும் தாழ்ந்து, அதற்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி எடுத்தபோது ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அப்படி வந்தால், புதிய பாகம் எதையும் வாங்கும் முன் அந்தக் கம்ப்ரஷன் எண்களைக் குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.